இரண்டு நீளம், இரண்டு குட்டை

ஜனவரி 8

சித்தப்பாவுக்கு,

போன் செய்யாமல் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். உங்கள் குரல் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப்போகும் என்பது உங்களுக்கே தெரியும். என்னைப் 'பூனை' என்று கூப்பிட ஆரம்பித்தவரே நீங்கள்தான்.

விஷயம் பச்சை வண்டி. விபத்து நடந்ததிலிருந்து மூன்று வருடமாகப் பின்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் அப்பாவின் பழைய பிக்கப்பை நான் சரிசெய்யப் போகிறேன். எஞ்சினில் பழுதில்லை. முன்பக்கம்தான் மொத்தமாக மாற்ற வேண்டும். கமான் பட்டை ஸ்பிரிங்கையும் அந்தக் கட்டை அச்சையும் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிற மாதிரி காயில் ஸ்பிரிங் வைக்கிறேன். டிரம் பிரேக்குக்குப் பதிலாக டிஸ்க். சாமான் வந்து இறங்கிவிட்டது. கம்பெனியில் நாள் முழுக்க மற்றவர்கள் செய்த ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்துச் சான்று கொடுக்கிறேன். விடுமுறை நாட்களில் ஒன்றை நானே மாட்டிப் பார்க்கலாமே என்றுதான்.

அப்பாவிடம் சொன்னேன். "யாரு ஓட்டப்போறா?" என்று மட்டும் கேட்டார். 'நீங்கதான் அப்பா' என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் இப்போது மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார். அங்கே போக லோடு வண்டி ஸ்டாண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் தலை தெரிந்ததும் யாராவது ஒருவர், "தூக்கம் வர்றாருப்பா" என்பார். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஓட்டும்போது கண் அசந்துவிட்டார் என்று நீங்கள் அவர்களிடம் சொன்னதிலிருந்து அதுதான் அவர் பெயர். இப்போதெல்லாம் அவர் சாக்கடையோரச் சந்து வழியாகச் சுற்றிப் போகிறார். சட்டையில் அந்த வாடை வருகிறது.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதினேன். வலது டிரம் துருவேறி இறுகிவிட்டது, வரமாட்டேன் என்கிறது. விபத்து நடந்த வாரம் கடைசியாக அதைத் திறந்தவர் நீங்கள். ஏதாவது வழி இருந்தால் எழுதுங்கள்.

அண்ணன் மகள்


ஜனவரி 16

பூனைக்குட்டிக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. உங்க சித்தி கவரைப் பாத்துட்டு கோர்ட்டு நோட்டீஸ்னு நடுங்கிட்டா. எழுத்து அவ்வளவு நேரா இருக்கு. நம்ம குடும்பத்துல முதல் பட்டதாரி, காலேஜ்ல கோடு போட்ட மாதிரி எழுதத்தான் சொல்லிக் குடுத்தாங்க போல.

அந்த வண்டியை என்னத்துக்கு நோண்டுற? இரும்பு விலைக்குப் போட்டுட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கு. காயில் ஸ்பிரிங்காம், டிஸ்க்காம். எண்பது வயசுக்காரிக்கு ஹை ஹீல்ஸ் மாட்டி விடுற மாதிரி இருக்கு.

சரி, கேட்டுட்ட. நான் சொல்லாம யாரு சொல்லுவா? டிரம்மைத் திறக்காத. அதுக்கு அவசியமே இல்ல. எப்படியும் புது அச்சுதானே போடப்போற, யூ போல்ட்டை அறுத்துட்டு டிரம், அச்சு, பட்டை எல்லாத்தையும் ஒரே மூட்டையா இறக்கிப் பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிடு. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு இருந்தா பொழுதுதான் போகும், கையும் கிழியும். புரியுதா? திறக்காத.

புதுசு மாட்டும்போது மட்டும் என் பழக்கத்தை ஞாபகம் வெச்சுக்கோ. ஒரு பக்கம் முழுசா முடிக்கணும், அப்புறம்தான் மறுபக்கத்தைக் கழட்டணும். ரெண்டையும் ஒண்ணா கழட்டினா எது எங்க இருந்துச்சுன்னு பாத்துக்க ஆள் இருக்காது. என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் முதல்ல சொல்லுவான்.

ஸ்டாண்டுல கொட்டாவி விடுறாங்கன்னு எழுதிருக்க. விளையாட்டுக்குப் பண்றதை எல்லாம் பெருசா எடுத்துக்கலாமா? அண்ணனுக்கு எப்பவுமே தோல் மெல்லிசு.

இங்க பட்டறை நல்லா ஓடுது. உங்க ஊர் ஸ்டாண்டு வண்டிங்களையும் நம்மகிட்டயே விடச் சொல்லிப் பேசிட்டிருக்கேன். பிப்ரவரி கடைசி ஞாயிறு ஸ்டாண்டுக் கூட்டத்துக்கு வருவேன். வந்தா உன் ஹை ஹீல்ஸைப் பாக்குறேன்.

சித்தப்பா


ஜனவரி 27

சித்தப்பாவுக்கு,

திறந்துவிட்டேன்.

திறக்காதே என்று இரண்டு தடவை எழுதியிருந்தீர்கள். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை அறுத்துத் தள்ளியிருப்பேன். மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, மரக்கட்டை கொடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். டிரம் ஒரு முனகலோடு கையில் வந்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை. நான் கண்டதைச் சரியாகத்தான் கண்டேனா என்று எனக்காகவே எழுதிப் பார்க்கிறேன். ஒரு சக்கரத்துக்குள் இரண்டு பிரேக் ஷூ, பிறை மாதிரி. முன்னால் நிற்கும் ஷூவில், டிரம்மைக் கவ்வும் லைனிங் பட்டை குட்டையாக இருக்க வேண்டும், பின்னால் நிற்பதில் நீளமாக. இரண்டு சக்கரத்திலும் அப்படியேதான். வலது சக்கரத்தில் இரண்டுமே நீளம்.  ஓடிப்போய் இடது பக்கத்தைத் திறந்தேன். இரண்டுமே குட்டை.

கொட்டகைத் தரையில் நாலையும் பரப்பி வைத்துப் பார்த்தேன். நீளம் நீளத்தோடு, குட்டை குட்டையோடு; வாசலில் விட்ட செருப்பை ஜோடி சேர்க்கிற மாதிரி, அவசரத்தில் கை தானாகவே அப்படித்தான் சேர்க்கும். ஆனால் ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் கழற்றுகிறவருக்கு நாலும் ஒரே நேரத்தில் தரையில் கிடக்கவே வாய்ப்பில்லை. நீங்கள் அன்றைக்கு இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றியிருக்கிறீர்கள்.

மூன்று வருடமாக அப்பா சொன்னது ஒரே வரிதான். "மிதிச்சேன், வலப்பக்கம் இழுத்துருச்சு." சரிவில் இறங்கும்போது மிதித்தார், நீளம் இரண்டும் இருந்த வலது சக்கரம் கவ்விக்கொண்டது, குட்டை இருந்த இடது சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. இடிந்த கிடங்குச் சுவரும், ஒடிந்த கிடங்குக் காவல்காரர் காலும் வலப்பக்கம்தான் இருந்தன. அந்த வரியைக் காதில் வாங்கவிடாமல் செய்தவர் நீங்கள். "பிரேக் நான் பார்த்தது, ஒரு குறையும் இல்ல, அண்ணன் அசந்துட்டாரு" என்று அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஸ்டாண்டில் போய்ச் சொன்னீர்கள்.

அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் ஒன்று செய்தால் போதும். பிப்ரவரிக் கூட்டத்தில் எழுந்து நின்று, நான்தான் மாற்றிப் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அண்ணன் மகள்


பிப்ரவரி 5

படிச்ச மேதைக்கு,

ரெண்டு போல்ட்டைக் கழட்டினதும் நீ எனக்கு நீதிபதி ஆயிட்டியா? மூணு வருஷமா பூட்டில்லாத கொட்டகையில கிடக்குற வண்டி. எவன் திறந்தான், எவன் மாத்தினான்னு யாருக்குத் தெரியும்? நீயே கழட்டும்போது குழப்பிட்டு என் தலையில கட்டுறியோ என்னவோ. நான் போட்டது சரியாத்தான் இருந்துச்சு. அண்ணன் தூங்கினாரு. முந்தின நாள் முழுக்க ஓட்டிட்டு வந்த மனுஷன், தூங்கத்தான் செய்வாரு.

உன்கிட்ட ஒண்ணு கேக்குறேன். அந்த வண்டியை நான் ஒரு நாளாவது ஓட்டிப் பாத்திருக்கியா? பச்சையோட ஒவ்வொரு நட்டும் என் கை பட்டது. ஆனா சாவியை மட்டும் குடுக்க மாட்டாரு உங்கப்பா. "நீ கீழ பாத்துக்கோடா, மேல நான் பாத்துக்கிறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. இருபது வருஷம் நான் அடியில, அவரு மேல. பிரேக் பாத்த அன்னைக்கும் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, லோடு காத்திருக்கு, முடிச்சியா முடிச்சியான்னு உயிரை வாங்கினாரு. அதெல்லாம் உன் பிறை நிலாவுல எழுதிருக்கா?

யாரு முன்னாடி வேணும்னாலும் சொல்லுவேன். என் கையால போட்ட பிரேக்ல குறை இல்ல. அதே ஷூவை அதே மாதிரி மாட்டிக் குடு, அதே சரிவுல நான் ஓட்டிக் காட்டுறேன். அப்பவாவது வாயை மூடுவியா?

சித்தப்பா


பிப்ரவரி 10

சித்தப்பாவுக்கு,

சரி.

புது வேலையை நிறுத்திவிட்டேன். பழைய பிரேக் நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்லும்போது டிஸ்க் எதற்கு? சாமானைத் திரும்பப் பெட்டியில் போட்டாயிற்று. நீளம் இரண்டையும் வலது பக்கத்தில், குட்டை இரண்டையும் இடது பக்கத்தில், நீங்கள் விட்டபடியே மாட்டிவிட்டேன்.

ஸ்டாண்டுத் தலைவரிடம் உங்கள் கடைசிப் பத்தியைக் காட்டினேன். பேச வரவில்லை, கடிதத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் படித்துவிட்டு, "ஆம்பளைன்னா இப்படிச் சொல்லணும்" என்றார். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சரிவுக்கு வருவார்கள். காவல்காரரும் வருகிறாராம். அன்றைக்கு மாதிரியே வண்டியில் மணல் மூட்டை ஏற்றி வைக்கிறேன். கிடங்குச் சுவரைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், பார்த்திருப்பீர்கள்.

அண்ணன் மகள்


பிப்ரவரி 17

பூனைக்குட்டிக்கு,

கோபத்துல ரெண்டு வார்த்தை எழுதிட்டா அதை ஊரெல்லாம் எடுத்துட்டுப் போய்க் காட்டுவாங்களா? வீட்டுப் பேச்சு வீட்டோட இருக்கணும்.

நான் வர்றேன், வராம இல்ல. வண்டி மூணு வருஷம் நின்னது. நான் ஒரு நாள் முன்னாடியே வந்து சக்கரத்தைக் கழட்டி, எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடுறேன். உனக்கு அனுபவம் பத்தாது, கேபிள், பைப்பு ஏதாச்சும் விட்டிருப்ப. அப்புறம் மணல் மூட்டை எதுக்கு? காலி வண்டியே போதும். ரெண்டு நாளா இடுப்பு வேற பிடிச்சிருக்கு. உங்க சித்தி போகவே வேணாங்குறா.

அண்ணன்கிட்ட சொல்லிட்டியா? சொல்லலைன்னா இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. யோசிச்சு எழுது.

சித்தப்பா


பிப்ரவரி 20

சித்தப்பாவுக்கு,

நீங்கள் முன்கூட்டியே கழற்றிப் பார்க்க விரும்புவதைத் தலைவரிடம் சொன்னேன். "நல்லா இருக்குன்னு சொன்னவன் எதுக்குக் கழட்டிப் பாக்கணும்?" என்று கேட்டார். பதில் உங்களுக்குத் தெரிந்தால் அவருக்கே எழுதுங்கள்.

மணல் மூட்டை ஏற்றியாயிற்று. இடுப்புக்கு ஒரு தலையணை வைத்திருக்கிறேன்.

அண்ணன் மகள்


மார்ச் 4

அன்பும் இல்ல, ஆசியும் இல்ல. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நீ ஜெயிச்சுட்ட. ஆனா நீ பண்ணினது என்னன்னு உனக்குத் தெரியணும். அதை உள்ளேயிருந்து பாத்தவன் நான் ஒருத்தன்தான்.

வண்டி முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிக்குறதைப் பாத்தேன். கமான் பட்டை சோர்ந்துபோச்சுன்னு நினைச்சேன். வீல் கப்பைத் துடைச்சு மாட்டிருந்த, சக்கரத்துக்குள்ள ஒண்ணும் தெரியல. குனிஞ்சு அடியில ஒரு தடவை பாத்திருந்தா போதும். குனிய முடியல. அத்தனை பேரும் என் முதுகையே பாத்துட்டு இருந்தாங்க. இருபது வருஷம் அடியில கிடந்தவன், அன்னைக்குக் குனிய முடியாம நின்னேன்.

ஏறினேன். முதல் கியர். ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன். பிரேக் பெடல் பக்கம் காலைக் கொண்டுபோகவே இல்ல. மிதிச்சா வலப்பக்கம் இழுக்கும்னு இந்தக் காலுக்குத் தெரியும். வலப்பக்கம் சுவர், சுவரோரமா ஜனம். வண்டி அடி அடியா இறங்குச்சு. பக்கத்துலயே காவல்காரன் நடந்து வந்தான், அந்தச் சாய்ஞ்ச காலோட. அவன் என்னை முந்திட்டுப் போயிட்டான். யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா தாங்கிருப்பேன். தலைவர் ஜன்னல்ல குனிஞ்சு மெதுவாக் கேட்டாரு, "என்ன தம்பி, தூக்கமா?"

அப்பதான் நிறுத்தி இறங்கினேன். என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியும். டீக்கடைக்குப் பின்னால நீ நின்னுட்டு இருந்ததைப் பாத்தேன்.

"இதுக்கு மேல ஓட்ட மாட்டேன். நான்தான் ஷூவை மாத்திப் போட்டேன். அண்ணன் தூங்கல."

சொல்லிட்டேன். இது போதும்தானே உனக்கு? ஆனா அண்ணன் என்கிட்ட வந்தாரு. திட்டுவாரு, அடிப்பாருன்னு நினைச்சேன். என்னையே பாத்துட்டு, "ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் மறுபக்கம்னு நீதானடா சொல்லுவ?"ன்னு கேட்டாரு. குழந்தை கேக்குற மாதிரி கேட்டாரு.  

அப்புறம் அவரு ஏறிச் சரிவுல வேகமா விட்டாரு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். சத்தமே வரல. திறந்து பாத்தா, சுவருக்கு முன்னாடி நேர்க்கோடு மாதிரி நிக்குது. ஓடிப்போய்க் குனிஞ்சேன். டிஸ்க். காயில் ஸ்பிரிங். எல்லாமே புதுசு. இல்லாத பழுதுக்கு நான் அத்தனை பேர் முன்னாடி வேர்த்துக் கொட்டிருக்கேன்.

ஸ்டாண்டு வண்டி ஒண்ணும் இப்ப என்கிட்ட வராது. அது போகட்டும். அந்த நாலு ஷூவையும் ஸ்டாண்டுக் கம்பத்துல தொங்க விட்டிருக்கியாம். அதைக் கழட்டிடு. நான் கேக்குறது அது ஒண்ணுதான்.

சித்தப்பா


மார்ச் 11

சித்தப்பாவுக்கு,

ஆமாம், பொய் சொன்னேன். பழைய ஷூவைத் திரும்ப மாட்டவே இல்லை. நீங்கள் மூன்று வருடம் சொன்னீர்கள், நான் மூன்று வாரம்கூடச் சொல்லவில்லை. என் பொய்யால் யார் காலும் ஒடியவில்லை.

டிஸ்க் மாட்டி முடித்து, பிரேக் பைப்பிலிருந்து காற்றை எடுத்தபோது பெடலை மிதித்துக்கொடுத்தவர் அப்பா. நான் அடியில் படுத்து "அழுத்துங்க", "பிடிங்க" என்பேன், அவர் மேலேயிருந்து "பிடிச்சிருக்கேன்" என்பார். அதனால் பிரேக் புதுசு என்பது அவருக்குத் தெரியும். உங்களிடம் நான் என்ன எழுதினேன் என்பது மட்டும் தெரியாது; புது பிரேக்கை நீங்கள் ஓட்டிப் பார்க்க வருவதாகத்தான் நினைத்திருந்தார். சரிவில் நீங்கள் ஊர்ந்து வந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம், "பிரேக்தான் நல்லா இருக்கே, இவன் ஏன் இப்படி வர்றான்?" என்று கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்துவிட்டார்.

உண்மை தெரிந்த பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "பிரேக்கை வெச்சு விளையாடுவியா? அவன் பயந்து ஓட்டிட்டிருந்தான்" என்றார். நீங்கள் பயந்ததற்கு அவருக்கு வலிக்கிறது. எனக்கு வலிக்கவில்லை. டீக்கடைச் சுவரோரம் நின்று, உங்கள் சட்டை முதுகில் ஒட்டுவதைக் கடைசிவரை பார்த்தேன். போதும் என்று தோன்றும் என்று நினைத்தேன். தோன்றவில்லை.

நீங்கள் அடியில், அவர் மேலே என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் பல தடவை படித்தேன். சாவி கொடுக்காதது அவர் தவறுதான். அதற்கு அவரிடம் சண்டை போட்டிருக்கலாம். நான்கூட உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

அப்பா திரும்பவும் லோடு அடிக்கிறார். ஸ்டாண்டு வழியாகத்தான் போகிறார். முதல் நாள் ஒருவர் பழக்க தோஷத்தில் "தூக்கம்" என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் இருமினார். இப்போது அங்கே பெயர் உங்களுக்குத்தான். 'ஜோடி' என்கிறார்கள். "ஜோடிகிட்ட வேலைக்கு விட்டா ரெண்டு செருப்பும் ஒரே காலுக்குத்தான் வரும்" என்று சிரிக்கிறார்கள். நான் வைத்த பெயர் இல்லை. ஆனால் கேட்டபோது நின்று கேட்டேன்.

ஷூக்கள் விஷயம். கம்பத்தில் கட்டியது நான். ஆணி அடித்துக் கொடுத்தவர் காவல்காரர். அந்தக் காலோடு ஸ்டூலில் ஏறி அவரே அடித்தார், என்னை அடிக்க விடவில்லை. நீங்கள் சேர்த்தபடியே சேர்த்துத் தொங்கவிட்டிருக்கிறேன், நீளம் இரண்டும் ஒரு கம்பியில், குட்டை இரண்டும் ஒரு கம்பியில். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஓட்டுநர்கள், பார்த்ததும் தெரியும்.

அப்பா இரண்டு தடவை கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு தடவையும் நான் திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன்.  அவர் கழற்றுவார், நான் மாட்டுவேன்.

நான் கழற்றப்போவதில்லை. வேண்டுமென்றால் நீங்களே வந்து கழற்றிக்கொள்ளுங்கள். காலையில், எல்லா வண்டியும் நிற்கிற நேரத்தில் வாருங்கள். ஸ்டூல் டீக்கடையில் இருக்கிறது, யாரும் தடுக்க மாட்டார்கள். எட்டி எடுக்கும்போது எல்லோரும் உங்கள் முதுகைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

திரும்பிப் போகும்போது பஸ் நிலையம் வரை அப்பா உங்களைப் பச்சையில் கொண்டுபோய் விடுவாராம். எழுதச் சொன்னார். சாவியை உங்களிடமே கொடுத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வதாகவும் சொன்னார். எழுதிவிட்டேன். என்னைக் கேட்டால் கொடுக்க மாட்டேன்.

பூனை